திரையில் நின்ற அம்மா

போன வருடம் ஆவணி மாதம், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் என் ஒரே மகளுக்கு. ஏதோ நெஞ்சு நிறைகிற கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்து உட்காராதீர்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் போய்விட்டார். வயலில் மோட்டார் போடப் போனவரைக் கரன்ட் அடித்துவிட்டது. குச்சி மாதிரி உடம்பு அவருக்கு. கரகரவென்று குரல். வைக்கோல் நறுக்கும் மெஷினில் கொடுத்து, வலது கை ஆள்காட்டி விரல் பாதி போயிருந்தது. மகளுக்குச் சோறு ஊட்டினால் கால்வாசி கீழே சிந்தும். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். அவரைப் பற்றி மகளுக்கு எந்த ஞாபகமும் கிடையாது. வாக்காளர் அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதிலும் முறைத்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு அவளை வளர்த்தது நான். பெருமைக்குச் சொல்லவில்லை. படித்தாள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள், சீர்காழிப் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டாரைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் தாரை வார்ப்பது யார் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புருஷன் இல்லாதவள் மணவறைக்கு வரக்கூடாது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே என்னைச் சொல்ல வைத்தார்கள். கொழுந்தனாரும் அவர் மனைவியும் தாரை வார்க்கட்டும், நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்று நானே சொல்லித் தொலைத்தேன். அதோடு ஒன்று கேட்டேன். முதல் நாள் சாயந்தரம் வரவேற்பில் நான் மேடை ஏறுவேன். மகள் பக்கத்தில் நின்று, என் கையால் அவள் நெற்றியில் திருநீறு பூசி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன்.

“அதுக்கென்ன, தாராளமா ஏறுங்க” என்றார் சம்பந்தியம்மா. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லாம நான் மேடையில நிப்பேனாம்மா?” என்றாள். அந்தக் கல்யாணத்தில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் சமையலுக்கு ஆள் பார்ப்பதற்கு முன்னால், காட்சிக்கு ஆள் பார்க்கிறார்கள். பெண் வரும்போது புகை, மாப்பிள்ளை வரும்போது பூவாணம் மாதிரி நெருப்பு, மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்இடி திரை. ‘காலத்துக்கும் மறக்காத மாதிரி ஒரு தருணம் பண்ணித் தருவோம்’ என்பதுதான் அவர்கள் வியாபாரமே. அந்த வேலைக்கு மகள் ஏற்பாடு செய்தவர், கறுப்புப் பனியன் போட்ட ஒருவர், கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் படத்தைக் கேட்டார். மேடையில் மாலை போட்டு வைப்பார்கள் என்று எடுத்துக் கொடுத்தேன். பிறகு என்னையும் சுவரோரம் நிற்க வைத்து, “அம்மா, அந்தப் பக்கம் திரும்புங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, லேசா சிரிங்க” என்று செல்போனில் எடுத்துக்கொண்டார்.

“எதுக்கு தம்பி, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டப் போறீங்களா?” என்றேன்.

“ஃப்ளெக்ஸுக்கும்மா” என்றார். நானும் நம்பினேன்.

வரவேற்பு அன்று சந்தன நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முந்தானையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் திருநீறு முடிந்து வைத்திருந்தேன். எப்போது கூப்பிடுவார்கள் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கில் ஒருவர், “இப்ப மணமகள் தன்னோட அம்மாவுக்குக் குடுக்கிற ஒரு சர்ப்ரைஸ்!” என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுந்தே விட்டேன். விளக்கெல்லாம் அணைந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

திரையில் பச்சைப் பசேல் என்று நெல் வயல். அதற்குப் பின்னால் மலை. எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மலை ஏது? வரப்பில் ஒரு ஆள் நடந்து வருகிறார். பட்டு வேட்டி, கழுத்தில் செயின், உப்பிய கன்னம், முறுக்கிய மீசை. கொஞ்சம் கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அந்த வாக்காளர் அட்டை முகம். அவர் கூடவே ஒரு பெண்பிள்ளை. நெற்றி நிறையக் குங்குமம், தலை கொள்ளாமல் மல்லிகை, மூக்குத்தி.

யாரடி இவள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சத்தியமாகத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி, என் தொடையைக் கிள்ளினாள். “அக்கா, அது நீங்கக்கா! போட்டோவ வச்சுக் கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்காங்க!”

திரையில் இருந்த ஆள் பேசினார். நகைக்கடை விளம்பரத்தில் வருகிற மாதிரி வழவழப்பான குரல். “என் தங்கமே, அப்பா எங்கேயும் போகல. உன்கூடவேதான் இருக்கேன்.” என் வீட்டுக்காரர் வாழ்நாளில் யாரையும் தங்கமே என்று கூப்பிட்டதில்லை. மகளை “ஏ குட்டி” என்பார், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்கள். அவர் வலது கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தது. மேடையில் என் மகளும் மாப்பிள்ளையும் திரையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். மேலேயிருந்து மெஷின் ரோஜா இதழைக் கொட்டியது.

மண்டபமே அழுதது. பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார்கள். என் மகள், “அப்பா, அப்பா” என்று தேம்பினாள். அவளுக்கு அப்பா என்று ஒரு ஆள் நடந்து, பேசிப் பார்த்தது அன்றைக்குத்தான். அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் அது அவர் இல்லை. அது அவர் இல்லை என்று உறுத்தியது அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான்.

கறுப்புப் பனியன் என் முகத்துக்கு நேரே கேமராவோடு மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். “அம்மா, அழுகைய அடக்காதீங்க. நல்லா அழுதுடுங்க.”

“தள்ளுய்யா அந்தப் பக்கம்” என்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எதற்கு வந்தது என்று அவருக்கு என்ன தெரியும்?

விளக்குப் போட்டதும் எழுந்து மேடைப் படிக்குப் போனேன். இப்போதாவது என் முறை வருமே. முதல் படியில் கால் வைத்ததும் மாப்பிள்ளையின் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, அன்பாகத்தான்.

“எங்க போறீங்க சம்பந்தி?”

“பொண்ணுக்குத் திருநீறு பூசணும்.”

“அதான் இப்ப ரெண்டு பேரும் ஜோடியா வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டீங்களே. எவ்வளவு நிறைவா இருந்துச்சு! ஊரே கண்ணு கலங்கிப் போய் நிக்குது. இப்பப் போயி நீங்க இப்படி ஏறுனா, அது நல்லாவா இருக்கும்?”

“இப்படின்னா?”

அவர் என் நெற்றியைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார்.

“அது நான் இல்லைங்க. நான் இங்க நிக்கிறேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அதற்குள் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டி அதிர்கிற அதிர்வில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிக்கொண்டு என்னைத் தாண்டி மேடை ஏறினார்கள்.

மேலேயிருந்து மகள் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. ‘பிடிச்சிருக்கா?’ என்று கையால் கேட்டாள். எனக்கு உலகத்திலேயே பெரிய பரிசைக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன செய்ய? தலையை ஆட்டினேன்.

அதோடு முடிந்தது. அவள் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மறந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. நான்தான் திரையில் வந்துவிட்டேனே!

சாப்பாட்டுக் கூடத்தில் ஆளாளுக்கு வந்து, நீ கொடுத்து வைத்தவள், இப்படி ஒரு மகள் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். பொறுக்க முடியாமல் கொழுந்தனாரிடம் கேட்டேன்.

“உங்க அண்ணனுக்கு வலது கையில எத்தனை விரல்?”

அவர் இலையைப் பார்த்தபடி, “அத விடுங்க அண்ணி. நல்லாத்தானே இருந்துச்சு. அண்ணனே இவ்வளவு நல்லா இருந்ததில்ல” என்றார்.

கூடப் பிறந்தவரே இப்படிச் சொன்னால் வேறு யாரிடம் போய்ப் பேச?

மறுநாள் முகூர்த்தத்தில் பேசினபடி கீழே உட்கார்ந்தேன். மணவறையைச் சுற்றிக் கேமராக்காரர்கள். தாலி கட்டியது எனக்குத் தெரியவில்லை, மேளம் கொட்டியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் வீசிய அட்சதை ஒரு கேமராக்காரர் முதுகில் விழுந்தது. அவர் தட்டிவிட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் போனில் மகளிடம் கேட்டே விட்டேன். என்னை மேடைக்குக் கூப்பிடுவேன் என்றாயே, ஏன் கூப்பிடவில்லை என்று. அவளுக்கு முதலில் புரியவே இல்லை.

“அம்மா, உனக்குப் பூவும் பொட்டும் வச்சுப் பாக்கணும்னு சின்னப் புள்ளையிலேர்ந்து எனக்கு ஆசை. அது தப்பா?”

“ஆசை இருந்தா நேர்ல வச்சு விட்டிருக்கலாமேடி. நான் முன்னாடிதானே உக்காந்திருந்தேன்.”

அப்புறம், “அவங்க வீட்ல என்ன சொல்லுவாங்களோம்மா” என்றாள். அழுதாள். நானும் போனை வைத்துவிட்டேன்.

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது அப்போதுதான். திரையில் பொட்டு வைத்துக்கொண்டு வந்தால் அத்தனை பேரும் கை தட்டுவார்கள். அதே பொட்டை அதே மண்டபத்தில் நான் வைத்துக்கொண்டு நின்றிருந்தால், அந்த ஆட்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் போயிருப்பார்கள். அவர்கள் அழுதது எனக்காக இல்லை. நான் இப்படி இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அழுதார்கள்.

ஆல்பம் வந்தது. தூக்க முடியாத கனம். நான் இருக்கிற படம் அதில் ஒன்றே ஒன்று. முதல் வரிசையில் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறேன். கீழே தங்க எழுத்தில் ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று போட்டிருக்கிறார்கள். மகள் வீட்டுக் கூடத்தில் பெரிதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது வேறு படம். மேடையில் அவள், மாப்பிள்ளை, அந்தச் செயின் போட்ட ஆள், தலை நிறைய மல்லிகையோடு அந்தப் பெண்பிள்ளை. நாலு பேரும் ஒன்றாக நிற்கிற மாதிரியே ஒட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களிடம், “எங்க அம்மா” என்று அவள் விரலை நீட்டிக் காட்டுவதை, சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன்.

மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது வந்த வேகத்தில் போய்விட்டது. தினமும் சாயந்தரம் போன் செய்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ஆனால் அவள் “அம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம், யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடி கழிந்த பிறகுதான் என்னால் பதில் பேச முடிகிறது.