முன்னாலேயே பாங்காக் போய்விட்ட குவான்

யசோத்தோன் பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருஷமாகப் பாங்காக்குக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கம்பான், இன்றுவரை பாங்காக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "இறங்கினதும் இடது கைப் பக்கமா போங்க, அங்கதான் டவுன் பஸ்" என்று அப்படி அடித்துச் சொல்வான். எல்லாம் போய் வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

அவன் மனைவி சம்நியாங் அங்கே ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மனுஷனுக்குப் பகலிலேயே கனவு. டிக்கெட்டில் பேர் எழுதும்போது பேனா பாதியில் நின்றுவிடும். மூன்றாவது மாடியில் அவள் அறை, ஜன்னலுக்கு வெளியே காயும் வெள்ளை விரிப்புகள், மழைக்கு முந்தைய ஆற்றுக்காற்று. மனசாலேயே ஏறி ஏறி, எந்தப் படி உடைந்திருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியும்.

தன் பேருக்கே இரண்டு தடவை டிக்கெட் போட்டான். இரண்டு தடவையும் கிளம்பும் அன்று கால் எழவில்லை. திங்கட்கிழமை சம்நியாங் போனில் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் வரலேன்னா இனிமே வான்னு கூப்பிடமாட்டேன். அங்கயே டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருங்க."

சனிக்கிழமை காலை பயணத்துக்கு நூல் கட்ட அக்கம்பக்கம் கூடியது. உடம்பில் குவான் என்கிற உயிராவி முப்பத்திரண்டு குடியிருக்கிறது என்பார்கள், ஒன்று வெளியே அலைந்தாலும் ஆள் ஆளாக இருக்கமாட்டான். அதனால் எல்லாவற்றையும் கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டி அனுப்புவார்கள். உள்ளங்கையில் அவித்த முட்டையோடு கம்பான் உட்கார்ந்திருந்தான். துவாங் பெரியம்மா வெள்ளை நூலை எடுத்தாள்.

"வா குவானே வா, காட்டுல இருந்தா வா, ஆத்துல இருந்தா வா, பாங்காக்ல..."

கம்பான் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா, முட்டை சுடுதா?"

"அங்கேருந்து மட்டும் கூப்பிடாதீங்க பெரியம்மா. என் குவான் ஒண்ணு சம்நியாங்கோட போயி ரெண்டு வருஷமாச்சு. போன ரெண்டு தடவையும் நீங்க கூப்பிட்டீங்க, திரும்பி வந்துருச்சு. அது வந்ததும் எனக்குப் போற ஆசையே அடங்கிப்போச்சு. இப்ப மறுபடி அவகூடத்தான் இருக்கு. நான் போயி சேர்ந்துக்கறேன்."

"குவானுக்கு முன்னாலேயே சீட்டுப் போட்டு அனுப்பிட்டான் பாருங்கடி!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. பாங்காக்கை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலிருந்தும் கூப்பிட்டுக் கட்டினாள். கடைசி நூலை மட்டும் மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"இதை அவ கட்டட்டும்."

சாயங்காலம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கம்பான் பயணிகள் இருக்கையில் உட்கார்ந்தான். கால் கனக்கவில்லை. வண்டி நகர்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"பாங்காக்ல யார் இருக்காங்க தம்பி?"

"என் பொண்டாட்டி இருக்கா. நானும் அங்கதான் இருக்கேன்" என்றான் கம்பான்.