அழாத பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முந்தைய சித்திரை மாதம். சின்னாளபட்டி பக்கத்துக் கிராமத்தில், என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரத்தில், நான் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போனேன். பிளஸ் டூ படித்தவள் என்று எனக்கிருந்த பந்தா எல்லாம் முதல் நாள் இடுப்பு வலியிலேயே போய்விட்டது. விடிவதற்கு முன்பே செடியில் கை வைக்க வேண்டும். வெயில் ஏறினால் மொக்கு வாடிவிடும், திண்டுக்கல் மார்க்கெட்டில் சீந்த ஆள் இருக்காது.

எங்களோடு ஒரு சின்னப் பெண் வருவாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், நினைத்தால்தான் ஊருக்கு வருவான். ஒன்றரை வயது மகனை விட்டுவர வீட்டில் ஆளில்லை. தோட்டத்து வேப்பமரத்தில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அவனைப் போட்டுவிட்டுப் பூப் பறிப்பாள்.

அந்தப் பிள்ளை அழவே மாட்டான். கண்ணைத் திறந்துகொண்டு சும்மா கிடப்பான். நாங்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்போம். "தங்கமான புள்ளடி. எங்க வீட்டுலயும் இருக்கே ஒண்ணு, ஊரையே கூட்டிரும்" என்று ஒரு அக்கா தினமும் சொல்வார். பெற்றவளும் பெருமையாகச் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் தோட்டத்தில் இருக்கும்வரை அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டாள். மொக்கில் புழு விழாமலிருக்க அடிக்கடி மருந்து அடிப்பார்கள். விடியற்காலை ஈரம் படிந்த செடிக்குள் நின்று பறித்தால் கை, ஜாக்கெட், முந்தானை எல்லாம் மருந்து வாடைதான்.

"மருந்துக் கையோட எப்புடிக்கா குடுக்குறது? வீட்டுக்குப் போயி குளிச்சிட்டுத்தேன்" என்பாள். பால் கட்டி ஜாக்கெட் நனையும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி குனிவாள். போகப் போக அந்த நனைவும் நின்றுபோனது. காலையில் அவள் வயிற்றிலும் ஒன்றுமிருக்காது, பால் எங்கிருந்து ஊறும்? கேன் டீ கொண்டுவருபவர் மொபெட்டை நிறுத்தியதும், ஒரு பன்னை டீயில் நனைத்துப் பிள்ளைக்கு ஆளுக்கொரு வாய் ஊட்டுவோம். அவனும் வாயை மூடிக்கொள்வான். வயிறு நிறைந்துவிட்டது என்று எங்களுக்கு நிம்மதி.

ஒரு நாள் காலை அவள் தொட்டிலுக்குள் குனிந்தவள், "அக்கா..." என்று ஒரு மாதிரியாகக் கூப்பிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். தலை என் தோளில் நிற்காமல் சரிந்தது. கை கால் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தது.

மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி நின்ற லோடு ஆட்டோவில், மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தோம். வழியில் தோட்டக்காரர் டிரைவருக்கு போன் போட்டு, பூ வாடிவிடும் என்று கத்தினார். "புள்ளய எறக்கிட்டு வாரேண்ணே" என்று சொல்லி டிரைவர் போனை அணைத்துவிட்டார். சுற்றிலும் மல்லிகை மணம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் கண்ணை விலக்கிப் பார்த்தார், புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ரத்தமே இல்லை, சாப்பாட்டில் சத்தும் இல்லை என்றார். "இவன் அழவே மாட்டான் டாக்டரம்மா, நல்ல புள்ள" என்று இவள் ஏதோ சிபாரிசு போலச் சொன்னாள்.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "அழுறதுக்குத் தெம்பு வேணாமாம்மா?" என்றார். அவ்வளவுதான். அவள் தன் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

வார்டில் வைத்து நேரத்துக்கு நேரம் ஆகாரம் கொடுத்தார்கள். பிள்ளை மெல்லத் தேறினான். கூடவே அழவும் பழகினான். வீட்டுக்குப் போனபின் பால், முட்டை, பருப்பு எல்லாம் அடிக்கடி ஊட்டச் சொல்லி அனுப்பினார்கள். அவளும் தலையாட்டினாள். வாங்கிவிடலாம்தான். உட்கார்ந்து ஊட்ட அவளுக்கு நேரத்தை யார் கொடுப்பது?

மறுபடி அதே தோட்டம், அதே தொட்டில். இப்போது பசித்தால் வீறிட்டு அழுதான். "புள்ளைய வச்சுக்கிட்டு வேல பாக்க முடியலைன்னா வீட்டுல இரு" என்றார் தோட்டக்காரர். அவள் பறிப்பதை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வாள். நாங்கள் முறை போட்டுக்கொண்டு, கை கழுவி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புச் சோற்றை ஊட்டினோம். எங்கள் கூலியும் பறித்த பூவின் எடைக்குத்தானே, எத்தனை நாளைக்கு முடியும்?

ஒரு காலை அவன் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. தோட்டம் முழுக்க எங்கள் கைகள் நின்றுவிட்டன. அத்தனை பேரும் மொக்கைப் போட்டுவிட்டு வேப்பமரத்துக்கு ஓடினோம். நல்லவேளை, தூங்கியிருந்தான். மூச்சு சீராக வந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, எங்களுக்கும் கண்ணீர்தான்.

அடுத்த சீசனுக்கு அவள் வரவில்லை. வடமதுரை பக்கம் மில்லுக்குப் போவதாகச் சொன்னார்கள். பிள்ளையை உள்ளே விடாத வேலை அது. அவனை யாரிடம் விட்டிருக்கிறாள், என்ன சாப்பிடுகிறான், ஒன்றும் தெரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் எந்தக் குழந்தை கத்தினாலும் எனக்கு எரிச்சல் வருவதில்லை; சத்தமே இல்லாமல் தாய் மடியில் கிடக்கும் பிள்ளையைத்தான், மூச்சு வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன்.