வெள்ளை நாய்க்கு எண்ணெய் வைத்த காலை

1. மாமா, நோனாவின் வெள்ளை ஸ்பிட்ஸ் நாயைக் கண்காட்சிக்காக எங்கள் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, உலர்த்தி, சீவி, பழைய வேட்டி ஒன்றில் படுக்க வைத்தார்.
2. மறுநாள் காலை, சாப்பாட்டுக்குப் பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார்.
3. அவர் திரும்பி வருவதற்குள் அம்மா அந்த நாய்க்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டார்.
4. கரண்ட் போனது.
5. நாங்கள் நாய்க் கண்காட்சிக்குப் போனோம்.

நான் இப்போது தலைமயிருக்கான ஷாம்புகளும் ஸ்பிரேக்களும் தயாரிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு கலவை பிழையாகிப்போனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எழுதிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தக் காலையையும் அப்படியே எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகும் அம்மா மீது கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

அது வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அப்பா வேலை காரணமாகத் தெல்தெனியாவில் தங்கியிருந்தார். கண்டியில் அம்மாவும் நானும் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு, அம்மாவின் தம்பியான மாமா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தார். மிருக வைத்தியசாலையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை. மாமியும் கைக்குழந்தையும் ஊரில் நின்றுவிட்டார்கள். ஒரு வாடகை அறை கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். மாமாவும் தேடாத தெருவில்லை, ஒழுங்கையில்லை. வீட்டுக்காரர்கள் கதிரை போட்டு உட்கார வைப்பார்கள், தேத்தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னதும், அந்த அறையை நேற்றுத்தான் யாருக்கோ கொடுத்துவிட்டதாக ஞாபகம் வந்துவிடும்.

நோனா அப்படிக் கேட்கவில்லை. கணவரை இழந்த, வயதான சிங்களப் பெண்மணி அவர். தன் நாயின் மயிர் உடைந்து உடைந்து விழுகிறது என்று வைத்தியசாலைக்கு வந்தபோது மாமாவைப் பழக்கம் பிடித்தார். காய்ந்த மயிரைச் சீவினால் அது உடையத்தான் செய்யும் என்று மாமா சொல்லி, மூன்று ஸ்பிரே போத்தல்கள் செய்து கொடுத்தார். சீவுவதற்கு முன் விசிறுவது ஒன்று; தண்ணீரும் சொட்டுக் கிளிசரினும் கொஞ்சம் கண்டிஷனரும் கலந்தது. இரண்டாவதை மயிரைப் பின்பக்கமாகத் தூக்கி, வேரில் மட்டும் விசிறி, டிரையர் பிடிக்க வேண்டும். மயிர் பஞ்சுபோல எழுந்து நிற்கும். மூன்றாவது மினுக்கத்துக்கு. அதை நாயின் மேல் நேரே அடிக்கக்கூடாது. சீப்பில் விசிறி, மேலால் ஒரு தடவை இழுத்தால் போதும். எல்லாவற்றையும் முதலில் தன் முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாய்க்குப் போடுவார். அவருடைய முழங்கை எப்போதும் மினுமினுப்பாக இருந்தது.

நோனாவின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அனெக்ஸ், ஒட்டிக் கட்டிய சின்ன வீடு, பூட்டிக் கிடந்தது. மாமா தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டார். நோனா, "நாய் ஷோ முடியட்டும் மல்லி, பிறகு பார்ப்போம்," என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. வீட்டில் நாங்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்தோம். நாய் வென்றால் அனெக்ஸ்; தோற்றால் மாமி யாழ்ப்பாணத்தில்தான்.

இந்த நிலைமையில்தான் அம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். வேண்டுமென்று எடுக்கவில்லை. வெளியே போகிற நாள் என்பதால் எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னினார். உள்ளங்கையில் எண்ணெய் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நாய் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் மிச்ச எண்ணெயை யாரும் துணியில் துடைப்பதில்லை. அருகில் எந்தத் தலை இருக்கிறதோ அதில் தேய்ப்பதுதான் வழக்கம். நாய்க்கும் அது பிடித்திருந்தது, கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பாணோடு வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். பஞ்சுப் பொதிபோல இருந்த நாய், மழையில் நனைந்த கோழிபோல நின்றது.

"அக்கா, என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"மயிர் காய்ஞ்சு பறந்துகொண்டு கிடந்தது. எண்ணெய் வைக்காமல் மினுக்கம் எப்பிடியடா வரும்? நீ வெறும் தண்ணியை விசுக்கிறாய்."

"நடுவர் கை வச்சுப் பாப்பார் அக்கா. மயிரிலை ஒண்டும் ஒட்டக்கூடாது. அதுதான் சட்டம்."

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. உடனே நாயைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு மாமா தேய்த்தார், அம்மா தண்ணீர் ஊற்றினார், நான் நாயின் காதுகளைப் பொத்திப் பிடித்தேன். மேல்மயிரிலிருந்த எண்ணெய் போய்விட்டது. கழுத்தடியில், அடர்ந்த உள்மயிரில், போகவில்லை. டிரையரைச் செருகியபோதுதான் கரண்ட் போனது. வெளியே மூட்டம், வெயிலும் இல்லை. ஆளுக்கொரு பேப்பரை மடித்து விசிறினோம். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று மாமா சோள மாவைத் தூவிச் சீவி எடுத்தார். ஈரமும் எண்ணெயும் மாவும் சேர்ந்து கழுத்தில் லேசாகப் பிசின் பிடித்தது.

"ஓடிக்கொலோன் சென்ட் கொஞ்சம் விசிறிவிடன். எண்ணெய் மணமாவது போகும்," என்றார் அம்மா மெதுவாக.

"அக்கா, இனி நீங்கள் இதுக்கு ஒண்டும் வைக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

கண்காட்சி நடந்த மைதானத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். அவ்வளவு சீவப்பட்ட நாய்களை நான் ஒரே இடத்தில் அதற்குமுன் கண்டதில்லை. சில நாய்களுக்கு நிழற்குடை பிடித்திருந்தார்கள். எங்கள் நாயை நோனாதான் போட்டி வளையத்துக்குள் அழைத்துப் போனார். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது நன்றாகத்தான் தெரிந்தது. அம்மா என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடுவர் கோட்டு அணிந்த முதியவர். நாயின் முதுகைத் தடவினார், வாலைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தடியில் விரல்களை விட்டார். வெளியே எடுத்த விரல்களைப் பார்த்தார், முகர்ந்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, நோனா குலுங்கிச் சிரித்தார். நாய் நல்ல நாய்தான், ஆனால் சமையலறையிலிருந்து நேரே வந்திருக்கிறது என்றாராம். எங்கள் நாய் வளையத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டது.

நான் அழத் தொடங்கினேன். மாமி இனி வரமாட்டார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மா நோனாவிடம் போய், தமிழில்தான், "தம்பியிலை பிழை இல்லை நோனா. நான்தான் எண்ணெய் வச்சனான்," என்றார். நோனா நாயின் கழுத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு என் பின்னலையும் முகர்ந்து பார்த்தார்.

"ஒரே எண்ணெய்தானே!" என்றார் தன்னுடைய உடைந்த தமிழில். "பரவாயில்ல. நீ வா மல்லி."

அதற்குப் பிறகு நோனா செய்த காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்து, கூடாரம் கூடாரமாகக் கூட்டிப் போனார். பெரிய மீசை வைத்த ஓய்வுபெற்ற இராணுவக்காரர் ஒருவர், போலீஸ் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, கோயில் தர்மகர்த்தா ஒருவர் என்று எல்லோரிடமும் மாமாவை முன்னால் நிறுத்தினார். என் நாயைப் பார்த்துக்கொள்பவர், வைத்தியசாலையில் வேலை, யாழ்ப்பாணத்துக்காரர், என் வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார். எண்ணெய்க் கதையையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மீசைக்காரர் தன் நாய்க்கும் ஸ்பிரே செய்து தர முடியுமா என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்தபடி, தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். தோற்ற மனிதரை ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு போய்ச் சிரிக்க வைக்கிறாரே என்று நான் நோனாவை முறைத்தேன்.

அதே வாரம் அனெக்ஸின் சாவி மாமாவுக்குக் கிடைத்தது. நோனாவுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது, நான் அழுததால்தான் வந்தது என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உண்மையில், வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் குடிவைக்கும் முன்பு, பின்னாளில் கேள்வி கேட்கக்கூடிய அத்தனை பேருக்கும் நோனா அன்று பதில் சொல்லி முடித்திருந்தார். அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடும் நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார். அதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை.

மாமி குழந்தையோடு வந்து சேர்ந்தார். இரவில் போலீசும் இராணுவமும் வீடு வீடாகச் சோதனை போட்ட காலத்திலும் அந்த அனெக்ஸின் கதவை யாரும் தட்டவில்லை. நோனா இப்போது இல்லை. மாமாவும் மாமியும் கண்டியில்தான் இருக்கிறார்கள்; அனெக்ஸைக் காலி செய்து, அதே ஒழுங்கையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார்கள்.