காலியாக விட்ட கட்டம்

கணக்கு டீச்சரை வகுப்பு நம்பும். விடை கண்ணெதிரே போர்டில் வந்துவிடும். சோஷியல் டீச்சரை யாரும் நம்புவதில்லை. செத்துப்போன ராஜாக்களுக்கெல்லாம் நாம் ஒருவர்தான் சாட்சி, அதுவும் நேரில் பார்க்காத சாட்சி. நீங்களும் சோஷியல் எடுப்பவராக இருந்தால் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும்.

நான் நகரியிலிருந்து தினமும் ரயிலில் புத்தூருக்கு வந்து, ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்வதற்காக எங்கள் புத்தகத்தில் ஆப்பிரிக்காவின் பழைய அரசுகளும் இஸ்லாத்தின் தொடக்க காலமும் உண்டு. பள்ளியின் முதலாளியை எல்லோரும் கரஸ்பாண்டென்ட் சார் என்போம். என்னைச் சேர்க்கும்போதே, இப்போதைக்கு ட்ரையல்தான், பெற்றோர் தினம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்கிறேன் என்றார். அனுப்பினால் எனக்கு வேறு இடம் இல்லை. பி.எட். படிப்பை மடித்து வைத்துவிட்டு வீட்டில் தறிச் சத்தத்தின் நடுவே நூல் சுற்றவேண்டியதுதான்.

தங்கம் கொண்டுபோன ராஜா

மாலி நாட்டு அரசர் மான்சா மூசாவைப் பற்றி முதல் பாடம். அவர் மெக்காவுக்கு யாத்திரை போனபோது ஒட்டகம் ஒட்டகமாகத் தங்கம் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் கெய்ரோவில் வாரி வாரிக் கொடுத்ததில் அந்த ஊரில் தங்கத்தின் விலையே இறங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது வகுப்பு வாய் பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். வகுப்பு கண்களைச் சுருக்கியது.

லோகேஷின் அப்பாவுக்கு பஜாரில் நகைக்கடை. அவன் கை தூக்காமலே எழுந்து நின்றான். "பில்லு வெச்சிக்கினு போனாரா மேடம்? எலக்‌ஷன் டைம்ல எங்க நைனா நாலு செயின் எடுத்துக்கினு திருத்தணி போனதுக்கே செக்போஸ்ட்ல ராத்திரி வரைக்கும் உக்கார வெச்சிட்டாங்க. இவர் இவ்ளோ தங்கத்தோட இத்தினி நாட்ட தாண்டிப் போயிருக்காரு, ஒருத்தன் கூடவா நிறுத்தல?"

பேசாத வியாபாரம்

அந்தக் காலத்தில் உப்பைத் தங்கம் கொடுத்து வாங்கினார்கள் என்று புத்தகம் சொல்கிறது. உப்பு வியாபாரிகள் உப்பைக் குவித்து வைத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விடுவார்கள். தங்கக்காரர்கள் வந்து பக்கத்தில் தங்கத்தை வைத்துவிட்டுப் போவார்கள். உப்புக்காரர்கள் திரும்பி வந்து, தங்கம் போதுமென்றால் எடுத்துக்கொள்வார்கள். போதாதென்றால் அப்படியே விட்டுவிட்டு மறுபடி போய்க் காத்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இதை நடித்துக் காட்டச் சொன்னால் மனதில் பதியும் என்று பி.எட்.டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். உப்புக்கு ஒரு பாக்கெட் உப்பு. தங்கத்துக்கு மஞ்சள் காகிதம் சுற்றிய சாக்லேட். உப்புக் கட்சி வராண்டாவுக்குப் போனது, ஆனால் பாதிப் பேரின் மூக்கு ஜன்னல் கம்பியில் இருந்தது. தங்கக் கட்சியின் தலைவி சிந்து எங்கள் ஊர்ப் பெண். அவர்கள் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. தறிக்காரர்களுக்கு நூலை எடை போட்டுக் கொடுத்து, நெய்த துணியை எடை போட்டு வாங்கும் வீடு. அவள் உப்பு பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஈரம் பண்ணி வெய்ட் ஏத்திருக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். துணியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பெண் அவள்.

கடைசியில் உப்புக் கட்சி தங்கத்தைப் பிரித்துப் பார்த்தது. மஞ்சள் காகிதத்துக்குள் சாக்பீஸ் துண்டுகள். சாக்லேட்டுகள் எப்போதோ வயிற்றுக்குள் போயிருந்தன. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சிந்து கொஞ்சமும் அசரவில்லை. "அவங்க ஏமாத்துவாங்கன்னு தெரியும் மேடம், அதான் நாங்க மொதல்லயே ஏமாத்திட்டோம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்

அடுத்தது இஸ்லாத்தின் தொடக்கம். ஸ்டாஃப் ரூமில் கணக்கு எடுக்கும் சுஜாதா மேடம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. "புக்ல இருக்கறத மட்டும் சதுவு. எக்ஸ்ட்ரா மாட்டலு ஒத்தம்மா" என்றார். இருப்பதை வாசி, கூடுதலாக வாயைத் திறக்காதே என்று அர்த்தம். வாயைத் திறப்பதே எனக்கு வேலை என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?

வரிக்கு வரி ஜாக்கிரதையாகப் போனேன். மெக்கா ஒரு வியாபார ஊர், அங்கே நபிகள் நாயகமும் வணிகம் செய்தார், ஊரார் தங்கள் பொருள்களை நம்பி அவரிடம் ஒப்படைத்து வைப்பார்கள், அதனால் நம்பிக்கைக்குரியவர் என்றே அவருக்குப் பெயர். இந்த இடத்தில் வகுப்பு மொத்தமும், ஏதோ நான் சேர்த்துச் சொல்லிவிட்டதைப் போல, கடைசி பெஞ்சில் இருந்த சமீராவைத் திரும்பிப் பார்த்தது. வகுப்பில் முஸ்லிம் பெண் அவள் ஒருத்திதான். மேடம் சொல்றது கரெக்டா என்று லோகேஷ் சைகையில் கேட்டான். அவள் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்திவிட்டு எரிந்து விழுந்தாள். "என்னை ஏன்டா பாக்கறீங்க? எனக்கும் இப்பதானே பாடம் நடக்குது!"

மிச்சமிருந்த படம்

பெற்றோர் தினத்துக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சார்ட். எங்கள் பள்ளி சார்ட்டில் மேலே வலது மூலையில் ஒரு கட்டம் அச்சடித்தே வரும். பாடத்தில் வரும் பெரியவரின் படம் அதில் இருக்கவேண்டும். பஜாரில் ஸ்டேஷனரி கடைக்குப் போனால் அசோகரிலிருந்து அக்பர் வரை ஷீட்டில் கிடைக்கும், வெட்டி ஒட்டினால் தீர்ந்தது. இஸ்லாம் சார்ட் சமீரா செய்தது. நடுவில் காபாவின் படம் ஒட்டி, சுற்றிலும் அழகாக எழுதியிருந்தாள். மூலைக் கட்டத்தைக் காலியாகவே விடச் சொல்லியிருந்தேன். நபிகளைப் படமாக வரைவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, அதுதான் மரியாதை என்று வகுப்பில் விளக்கியும் இருந்தேன்.

பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பிரிவின் இன்சார்ஜ் மேடம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலிக் கட்டத்துக்கு முன்னால் நின்றார். வேலை முடியாத சார்ட்டை ஒளித்து மாட்டிவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியது முகத்திலேயே தெரிந்தது. மேசையைத் துழாவி, மாலி சார்ட்டுக்கு வாங்கியதில் மிச்சமான மான்சா மூசா படத்தை எடுத்து, பின்னால் பசையும் தடவிவிட்டார்.

"வேண்டாம் மேடம்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பள்ளியில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. சார்ட்டைக் கழற்றிச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இது தப்பு, பெரிய தப்பு, அங்கே யார் படமும் வரக்கூடாது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். பசை தடவிய ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, காலியாவே மாட்டு. நாளைக்கு கரஸ்பாண்டென்ட் சார் கேட்டா பதில் உன்னுது. எனக்குத் தெரியாது, நான் பாக்கவே இல்லை."

போட்டோ எடுத்தவர்

பெற்றோர் தினத்தன்று சமீராவின் அப்பா வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். மற்ற சார்ட்டுகளையெல்லாம் தாண்டிப் போய், மகளின் சார்ட்டுக்கு முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பக்கத்துச் சார்ட்டின் கட்டத்தைப் பார்த்தார், இந்தக் கட்டத்தைப் பார்த்தார். போனை எடுத்து ஒரு போட்டோ. பிறகு யாரையோ கூப்பிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். கரஸ்பாண்டென்ட் சார் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த ரயிலிலேயே திரும்பிப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சமீராவின் அப்பா நேரே என்னிடம் வந்தார். "மேடம், இது சமீரா செஞ்சதுதானே? எல்லார் கட்டமும் ரொம்பியிருக்கு, இவளுது மட்டும் காலியா கீது. இப்பதான் அவங்கம்மாவ கேட்டேன், முடிச்சிட்டேன்னு சொல்லித்தான் படுத்தாளாம். எதையுமே முழுசா செய்யமாட்டா மேடம். பாத்திரம் கழுவினாகூட ஒரு சட்டிய அப்படியே வெச்சிட்டு வந்துடுவா."

கட்டத்தைத் தவிர அவர் வேறெதையும் பார்க்கவில்லை! எந்தப் பாடம் என்று தலைப்பைக் காட்டினேன். காலியாக விடச் சொன்னதே நான்தான் என்றேன். குனிந்து படித்தார். "அட, ஆமால்ல" என்று மெதுவாகச் சொல்லி, கையை நெஞ்சில் வைத்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. இரண்டடி போனவர் நின்று, திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெஜமாவே நீங்கதான் விடச் சொன்னீங்களா மேடம், இல்ல அவ உங்கள அப்படிச் சொல்லச் சொன்னாளா?"

அறைக்குள்

எல்லோரும் போன பிறகு கரஸ்பாண்டென்ட் சார் கூப்பிட்டனுப்பினார். சமீராவின் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை சார், சந்தோஷமாகத்தான் போனார் என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவரும் ஒன்னும் சொல்லல. நகைக்கடைக்காரர் ஒன்னும் சொல்லல. ஏழாம் கிளாஸ்ல ஒரு பேரன்ட்கூட ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுக்கல. நான் ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லருந்து இப்படி நடந்ததே கெடயாது. மறைக்காம சொல்லும்மா, நீ நெஜமா பாடம் எடுத்தியா, இல்ல பசங்கள சும்மா உக்கார வெச்சிருந்தியா?"

அடுத்த நாளே வேலை நிரந்தரம் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். என்னை நம்பிக் கொடுத்தாரா, பக்கத்தில் வைத்துக் கண்காணிக்கக் கொடுத்தாரா என்பதைக் கேட்கும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.