பரலோகத்தில் கண்ணாயிரம் காத்திருக்கிறார்

ரேணுகாம்பாளை ஒரு இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு விடுதியில் அறை பெருக்குகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் மற்றப் பெண்கள் மாடிப்படியில் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பார்கள். இவள் கொடியில் கிடக்கும் போர்வையை எடுத்து மறுபடி உதறிப் போடுவாள். அதுவும் முடிந்தால் சும்மாவேனும் தெருமுனை வரை போய் வருவாள். வீடு அடி அண்ணாமலையில். ஆட்டோ கூப்பிட்டால் வரும். ஆனாலும் நடந்துதான் போவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று விடுதிக்காரர் சொல்வார். அவருக்கு என்ன தெரியும்? ஒரு வருஷமாக அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருப்பது செத்துப்போன அவள் புருஷன்.

புருஷன் பேர் கண்ணாயிரம். கொத்தனார். கல்யாணமான புதிதில் குடியும் கம்மி, அடியும் கம்மி. போகப்போக இரண்டும் ஜாஸ்தியானது. ஒரு மாட்டுப் பொங்கலன்று குழம்பில் உப்பு கூடிப்போனதற்காக விட்ட அறையில் ரேணுகாம்பாளுக்கு இடது காது போனது. அவளுக்கு வைத்தது படவேட்டு அம்மன் பேர். அந்த அம்மனுக்கு வாய்த்த புருஷன், பெற்ற பிள்ளையையே ஏவி அவள் தலையை வெட்டச் சொன்னவர். இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை அது. எல்லாம் பேர் ராசி என்று அவளுடைய அண்ணன் வேடியப்பன் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அப்புறம் தங்கச்சி முகத்தைப் பார்க்க வெகுநாள் காத்திருந்தான்.

மகள் கவிநிலா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கண்ணாயிரத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரே கையை விரித்துவிட்டார். அந்த வார்டுக்கு ஜெபம் பண்ண வந்தவர் பாஸ்டர் அறிவுச்செல்வன். டவுனில் சின்னதாக ஒரு சபை நடத்துகிறவர், நல்ல மனுஷர். கண்ணாயிரம் பிழைத்தெழுந்து, ஞானஸ்நானம் எடுத்து, பவுல் கண்ணாயிரம் ஆனார். குடியை விட்டார். அடிப்பதையும் விட்டார். அதில் பொய்யில்லை, அதை ரேணுகாம்பாளே ஒப்புக்கொள்வாள்.

அந்தச் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. மனம் திரும்பியவர் முன்னால் வந்து நின்று, தான் பழைய நாளில் எப்படியெல்லாம் கெட்டுக் கிடந்தேன் என்று எல்லார் காதும் கேட்கச் சொல்ல வேண்டும். கண்ணாயிரத்துக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. போளூரில் கூட்டமா, கலசபாக்கத்தில் கூட்டமா, கூப்பிடு பவுல் பிரதரை என்பார்கள். கட்டின மனைவியின் காதைச் செவிடாக்கிய பாவி நான் என்று அவர் தழுதழுக்கும்போது பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் என்று கத்தும். பெண்கள் பக்கத்தில் பத்துத் தலைகள் திரும்பி ரேணுகாம்பாளின் காதைத் தேடும். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அடி வாங்கிய நாளில்கூட அவ்வளவு கூசியதில்லை அவளுக்கு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோறு போடச் சொல்வார். அவள் போடுவாள்.

போன வருஷம் செங்கத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ரேணுகாம்பாள் அழுதாள். கூட வாழ்ந்த மனுஷன், அழுகை வராமல் இருக்குமா? வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். பவுல் பிரதர் எங்கேயும் போய்விடவில்லை, பரலோகத்தில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் ஞானஸ்நானம் எடுங்கள், போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆமாம், ரேணுகாம்பாள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவாள், பாட்டெல்லாம் மனப்பாடம், ஜெபத்தில் கண்ணை மூடினால் உண்மையாகவே மூடுவாள். தண்ணீரில் இறங்கு என்றால் மட்டும் பிடிகொடுக்க மாட்டாள். சபைக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். படவேட்டு அம்மனை விட மனசில்லை என்றது ஒரு கட்சி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அண்ணன் போடும் டீக்கடையில் போய் கிளாஸ் கழுவிக் கொடுக்கிறாளே, அந்தப் பக்கத்துச் சொந்தம் இழுக்கிறது என்றது இன்னொரு கட்சி.

விஷயம் அதுவல்ல. பாஸ்டர் சொன்னதை எல்லாம் அவள் அட்சரம் பிசகாமல் நம்பினாள், அதுதான் வினை. பரலோகம் உண்டு. அதற்கு முடிவு கிடையாது. கண்ணாயிரம் அங்கே இருக்கிறார். தண்ணீரில் முழுகி எழுந்தால் தானும் ஒருநாள் அங்கே போவோம். போய்? மறுபடி அவர் பொண்டாட்டி. இந்த உலகத்தில் சாவு என்று ஒன்று வந்து நடுவில் நின்றது. அங்கே சாவும் கிடையாதாமே. போகாமல் இருந்துவிடலாம் என்றால் மகளும் பேரப்பிள்ளையும் அங்கேதான் இருப்பார்கள். தான் மட்டும் நெருப்பில் கிடக்க வேண்டும். இதை நினைத்தால் அவளுக்கு உட்கார முடியாது. எழுந்து போர்வையை உதறுவாள்.

மகளிடம் சொல்லலாமா? கவிநிலாவுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பா என்றால் தோளில் தூக்கிக்கொண்டு தேருக்குப் போகாவிட்டாலும் பஞ்சு மிட்டாய் வாங்கி வந்தவர், இரவில் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தவர். அந்த அப்பாவை அவளிடமிருந்து பிடுங்க ரேணுகாம்பாளுக்கு மனம் வரவில்லை.

முதல் வருஷ நினைவுக் கூட்டம் வந்தது. அன்று காலை பால் வாங்கப் போனவள் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள். கவிநிலா ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தாள். வெள்ளை மேகத்துக்கு நடுவில் கண்ணாயிரம் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த ரேணுகாம்பாள். காத்திருக்கும் அப்பா, சேரப்போகும் அம்மா என்று கீழே கொட்டை எழுத்து. உயிரோடு இருக்கிறவளைக் கொண்டுபோய் மேகத்தில் உட்கார வைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி நல்லா வந்திருக்குதுக்கா என்றாள். ரேணுகாம்பாள் தலையாட்டினாள். பால் வாங்க மறந்தே போனாள்.

சாயங்காலம் ஷாமியானாவுக்குக் கீழே கூட்டம். பின்னால் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். பாஸ்டர் பேசிக்கொண்டே வந்து, வரும் ஞாயிறு ஒரு விசுவாசியின் நிலத்தில் பம்புசெட்டுத் தொட்டியில் ஞானஸ்நானம் இருக்கிறது என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதல் வரிசையைப் பார்த்து, சிஸ்டர், பிரதர் வழிமேல் விழி வைத்து உட்கார்ந்திருக்கிறார், எத்தனை நாள் காக்க வைக்கப்போகிறீர்கள் என்றார். எல்லாரும் பாசமாக அவளைப் பார்த்தார்கள். ரேணுகாம்பாள் எழுந்தாள். முன்னால்தான் வரப்போகிறாள் என்று ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தார்கள். அவள் நேராகத் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

பாஸ்டர் ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்தபோது கிரிவலப் பாதையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருப்பதே அவருக்கு அதிசயம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அம்மனுக்குப் பயப்படாதீர்கள், அண்ணனிடம் நானே வந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தார்.

"அண்ணன் இன்னா பண்ணுவாரு, பாவம்," என்றாள் ரேணுகாம்பாள். "எனக்கு ஏசப்பா மேல ஒரு கொறையும் இல்ல பாஸ்டர். இவரு அங்க இருக்காருன்னுதான் நான் வரல."

அறிவுச்செல்வனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ஒரு வருஷமாக எதைக் காட்டி அழைத்தாரோ, அதைக் கண்டுதான் அவள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளே மேற்கொண்டு கேட்டாள். கேட்பதற்கு நிறைய வைத்திருந்தாள். அங்கேயும் வீடு வாசல் என்று தனித்தனியாக உண்டா? சமைக்க வேண்டுமா? அவர் கூப்பிட்டால் எழுந்து போகத்தான் வேண்டுமா? மாட்டேன் என்றால் ஆண்டவர் கோபிப்பாரா? இதெல்லாம் ஒரு வருஷமாக அவள் நடந்து நடந்து அரைத்த கேள்விகள்.

அப்புறம்தான் பாஸ்டர் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு வீட்டில் ஏழு அண்ணன் தம்பிகள். மூத்தவன் பிள்ளையில்லாமல் செத்தான். அந்தக் காலத்து முறைப்படி அவன் பெண்டாட்டியை அடுத்தவன் கட்டினான், அவனும் செத்தான். இப்படியே ஏழு பேரும் கட்டி, ஏழு பேரும் செத்து, கடைசியில் அவளும் செத்தாள். செத்தவர்கள் உயிர்த்தெழும் நாளில் அவள் இந்த ஏழு பேரில் யாருக்குப் பெண்டாட்டி என்று இயேசுவை மடக்கக் கேட்டார்கள் சிலர். யாருக்கும் இல்லை, அங்கே கல்யாணம் என்பதே கிடையாது, எல்லாரும் தேவதூதர்களைப்போல் இருப்பார்கள் என்றுவிட்டார் அவர்.

"ஏழு பேரா," என்றாள் ரேணுகாம்பாள். "அந்தப் பொம்பளைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

கேட்டதாக எழுதியிருக்கவில்லை. பாஸ்டர் அதையும் ஒத்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக இருப்பதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கும் மறைக்காமல் பதில் சொன்னார். சபை ஆரம்பித்த காலத்தில் ஒருமுறை பிரசங்கித்தாராம். மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் பாதியிலேயே எழுந்து போனவர், அப்புறம் சபைப் பக்கமே வரவில்லையாம். அன்றிலிருந்து துக்க வீட்டில் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது அவர் பழக்கம். யாருக்கும் மனசு நோகக் கூடாது என்றுதான்.

பிறகு கண்ணாயிரத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பிரதர் மாறிய மனுஷன் ஆயிற்றே, தேவனே மன்னித்துவிட்டாரே என்றார்.

"அடி வாங்கினது நானு. மன்னிச்சது ஆண்டவரு," என்றாள். "இவரு ஊர் ஊராப் போயி மைக்குல சொன்னாரு பாஸ்டர். வூட்டுல எங்கிட்ட ஒரு நாளு, ரேணுகா, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல. நானும் சொல்லுவாரு சொல்லுவாருன்னு சோறு போட்டுக்கிட்டே இருந்தேன்."

மைக்கைக் கையில் கொடுத்தவர் அறிவுச்செல்வன். அவரால் அதற்குமேல் அங்கே பாஸ்டராக உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, என்னையும் மன்னிச்சுடுங்கம்மா என்றார். ரேணுகாம்பாள் சரிங்க என்று உடனே சொன்னாள். கேட்டால் கொடுப்பதற்கு அவளிடம் எப்போதுமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனக்கும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். கவிநிலா முதலில் நம்பவில்லை. செத்தவர் மேல் ஏன்மா இப்படி என்று கத்தினாள். அந்தக் காது எப்படிப் போனது என்று அப்பாவே கூட்டம் கூட்டமாகச் சொன்னாரே, அது கதையென்றா நினைத்தாய் என்று அம்மா கேட்டதும் அடங்கினாள். எத்தனையோ தடவை அதைக் கேட்டு அவளும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாள். சாட்சி என்பது அவளுக்கு அப்பாவின் பெருமையாகவே இருந்தது. அதில் அடி வாங்கியது அம்மா என்பது அன்றுதான் உறைத்தது. அப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. ஃப்ளெக்ஸை மட்டும் யாருக்கும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டாள்.

ஞாயிறு காலை தொட்டியில் தண்ணீர் தளும்பியது. வெள்ளைச் சேலையில் ரேணுகாம்பாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கரையில் சபை முழுக்கக் கூடியிருந்தது. முழுகுமுன் ஒரு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் முறை. விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். அவள் சொல்கிறேன் என்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்று தொடங்கினாள். "அவரு அங்க காத்துக்கிட்டு இருக்காருன்னு எல்லாரும் சொன்னீங்க. அதனாலதான் இவ்ளோ நாளு வரல. அங்க யாரும் யாருக்கும் புருஷன் பொண்டாட்டி இல்லன்னு பாஸ்டரு சொன்னாரு, அதனால வரேன். அவர இன்னும் நான் மன்னிக்கல. மன்னிச்சேன்னு பொய் சொல்லிட்டு இந்தத் தண்ணியில முழுக மாட்டேன்."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அவள் மகளைத் தேடிப் பார்த்து, மிச்சத்தை மகளிடமே சொன்னாள்.

"உங்கப்பா நல்லவருதான்டி. பொண்டாட்டிகிட்டப் போயி எப்பிடி மன்னிப்புக் கேக்கறதுன்னு அவருக்கு வாய் வரல, அவ்ளோதான். அங்க நான் அவருக்குப் பொண்டாட்டி இல்லியே. அங்க கேப்பாரு."