முட்டிவலியோடு ஒரு குகை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஏதோ ஒரு கோடை விடுமுறை. நாகல் நகரிலிருந்து கிளம்பிய சுற்றுலா பஸ்ஸில் பாதிப்பேர் என் மனைவி வீட்டார். ஆந்திரக் கோயில்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு பெரிய குகைக்கு வந்து சேர்ந்தோம். என் மாமியாருக்கு முட்டிவலி. படி உள்ள இடங்களில் அவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்தார். படி இல்லாத கோயில் எதையும் எங்கள் அமைப்பாளர் தேர்ந்தெடுத்திருக்கவில்லை.

குகை மலையில் இல்லை; பொட்டல்வெளியில் பள்ளமாகத் திறந்துகிடந்தது. அத்தை எட்டிப் பார்த்தார்.

"நம்ம அகரத்துக் கிணறு மாதிரில்ல இருக்கு? அடியில தண்ணி ஓடுதாம்ல. இதையாச்சும் பாத்துட்டு வாரேன்."

"ஏம்மா, நடுவுல உக்காந்துட்டா யாரு தூக்குறது?" என்றாள் என் மனைவி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருப்பது தூக்குகிற உடம்பல்ல, தூக்கப்படுகிற உடம்பு.

வழிகாட்டி பாறைகளில் சிங்கத்தையும் ஆலமரத்தையும் காட்டிக்கொண்டே விரைந்தார். குகைகளைப் பற்றிக் கனமான புத்தகமெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு வேர்வைதான் தெரிந்தது. அத்தை அடிக்கொரு தரம் நின்றார்.

"நீங்க முன்னால போங்க மாப்ள. என்னால நீங்களும் பாக்காமப் போயிராதீங்க."

ஒரு திருப்பத்தில் வழிகாட்டி, "முடியாதவங்க இங்கேயே உக்காருங்க, திரும்பும்போது கூட்டிட்டுப் போறேன்" என்றார். அத்தை உட்காரக் கல் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் நான் நொண்டத் தொடங்கினேன்.

"எனக்கும் முட்டி பிடிச்சிருச்சு அத்தை. ரெண்டு பேரும் மெதுவாப் போவோம்."

மருமகனுக்குக் கால் போனதில் ஒரு மாமியாருக்கு அவ்வளவு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் போய்விட்டது. மஞ்சள் விளக்குகள், எங்கோ சொட்டும் நீர், நாங்கள் இருவர். அதுவரை எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் "சாப்டீங்களா", "ஆச்சு" என்பதோடு சரி. அங்கே அவர் பேசினார். புதுப்பெண்ணாக வந்த காலத்தில் குடத்தோடு அந்த அகரத்துக் கிணற்றுக்குள் படியிறங்கி ஏறுவாராம். முட்டி என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாதாம்.

எதிரே கூட்டம் திரும்பி வந்தது.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களா? கீழ ஒண்ணுமில்ல, ஒரே புழுக்கம்" என்றான் மச்சினன்.

"நீ போய்ப் பையப் பாரு" என்று சொல்லிவிட்டு அத்தை நடந்தார்.

அடியில் ஒரு கல்லிடுக்கில் வந்த தண்ணீர் இன்னொரு இடுக்கில் மறைந்துகொண்டிருந்தது. அத்தை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"சப்புன்னுதான் இருக்கு" என்றார், பெரும் திருப்தியோடு.

ஏறுகையில் பாதி வழியில் நின்றார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. இறங்கும்போது இடது காலுல்ல நொண்டுனீங்க?"

நான் குனிந்து, இப்போது நொண்டிக்கொண்டிருந்த என் வலது காலைப் பார்த்தேன்.

"ரெண்டுமே வலிக்குது அத்தை."

"வலிக்கும், வலிக்கும்" என்றவர், முதல்முறையாக என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.