ரேந்தைப் புரையில் பழைய பாட்டு

நேசபாய்க்கு வாசிப்பதுதான் வேலை. நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில் மிஷன் நடத்திய ரேந்தைப் புரையில், அதாவது லேஸ் பின்னும் கொட்டகையில், இருபத்திரண்டு பெண்கள் தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பூவும் கொடியுமாக ரேந்தை பின்னுவார்கள். அவர்கள் பேச்சு வம்புக்குப் போகாமலிருக்க ஒருத்தி நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது, புரையை நடத்திய வெள்ளைக்கார மதாம்மாவின் ஏற்பாடு. காலையில் வேதம், மத்தியானத்துக்கு மேல் கதை.

முப்பத்தாறு வயதாகியும் நேசபாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. பின்னல் கைவரவில்லை, இரண்டு தடவை முயன்று பார்த்து விட்டுவிட்டாள். இந்த வேலை போனால் அண்ணன் வீட்டு அடுக்களையில் மதினியின் முகத்தைப் பார்த்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

1932 ஆனி மாதம், கையிலிருந்த கதைப் புத்தகங்கள் தீர்ந்துபோயின. சென்னையிலிருந்து புதிது வர நாளாகும் என்றார்கள். நேசபாய் அப்பாவின் பெட்டியைக் கிளறினாள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவர், யாரோ வைத்திருந்த ஏட்டைப் பார்த்துத் தம் கையாலேயே எழுதி வைத்த பழைய பாட்டு ஒன்று கிடைத்தது. உப்பு விற்க வண்டி கட்டிப் போன புருஷன் திரும்பாமல், அவனைத் தேடி ஒருத்தி புறப்பட்ட கதை.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் போயிற்று.

“அக்கா, இது தமிழா, வேற பாஷையா?” என்று பின்னிக்கொண்டிருந்த பூங்கனி கேட்டாள்.

நேசபாய் ஒவ்வொரு பாட்டையும் வாசித்துவிட்டுப் பேச்சுத் தமிழில் பொருள் சொன்னாள். மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். புதுக்கதை வாசிக்கும்போது கட்டைகளின் சத்தம் ஒரே சீராக ஓடும். பாட்டு வாசிக்கும்போது அது நின்று நின்று ஓடியது.

மூன்றாவது வாரம் அது வினையாக முடிந்தது. சீமைக்குப் போக வேண்டிய கல்யாண முகத்திரை ஒன்றில் ஒரு முழ நீளத்துக்குப் பூ திரும்பி விழுந்திருந்தது. பின்னியவள் ஜெபகுமாரி. புரையிலேயே நல்ல கை அவளுடையது. ஐந்து வருடத்தில் ஒரு தப்பு விட்டவளில்லை. மேற்பார்வை பார்த்த ரசலையன் அவளையும் நேசபாயையும் மதாம்மாவின் அறைக்கு அழைத்துப் போனார்.

“எனக்க கையில தப்பில்ல, மதாம்மா” என்றாள் ஜெபகுமாரி. “அந்தப் பாட்டுதான் காரணம். செத்துப்போனவங்களுக்க கத நமக்கு என்னத்துக்கு? மூளையப் போட்டுக் கசக்கணும், கை நிண்ணு போவுது. அத நிப்பாட்டுங்கோ.”

ரசலையன் ஒத்துப் பாடினார். “ஊருக்குள்ள பஸ் ஓடுது, பொம்பளப் பிள்ளைக இங்கிலீசு படிக்குதுவ. இந்தக் காலத்துல உப்பு வண்டிக்காரனுக்க பெஞ்சாதியப் பற்றி யாரு கேக்கா? பழச வாசிச்சா வேலையும் கெடும், புத்தியும் மழுங்கும்.”

மதாம்மா நேசபாயைப் பார்த்தார். “இந்தப் பழைய பாட்டினால் இவர்களுக்கு என்ன பிரயோஜனம்?”

நேசபாய் வாயைத் திறந்தாள். நீதி இருக்கிறது, நல்ல தமிழ் இருக்கிறது என்று அப்பா சொல்வதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் புதுக்கதையிலும் கிடைக்கும் என்று அவளுக்கே தோன்றியது. புதுக்கதைகளும் அவளுக்குப் பிடிக்கும்.

“தெரியல்ல, மதாம்மா. வாசிச்சா விட முடியல்ல. அவ்வளவுதான்.”

ரசலையன் பல்லைக் காட்டினார். மதாம்மா சிரிக்கவில்லை. “நாளைக்கு என் முன்பாக வாசி. முகத்திரையை ஜெபகுமாரி மறுபடி பின்னட்டும். வேலை நின்றால் பாட்டும் நிற்கும். வாசிப்பதற்கு வேறு ஆளைப் பார்ப்பேன்.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நேசபாய் யோசித்துக்கொண்டே நடந்தாள். கடினமான இடங்களைத் தாண்டிவிட்டு மேலோட்டமாகக் கதையை மட்டும் சொல்லிவிடலாம். கட்டைகள் ஓடும், வேலையும் தப்பும். அப்படித்தான் செய்வது என்று தீர்மானித்தாள்.

மறுநாள் மதாம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரசலையன் ஜெபகுமாரிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். நேசபாய் தாளைப் பிரித்தாள். அன்றைக்கு வந்து நின்ற இடம் மிகவும் கடினமான இடம். தாண்டுவதற்காகத் தாளைப் புரட்டியவள், என்ன தோன்றியதோ, திருப்பி வைத்து வாசிக்கத் தொடங்கினாள். வாசித்து முடித்துப் பொருள் சொன்னாள்:

“வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவ எந்திரிச்சு வாசலுக்குப் போனா. பெறவு எந்திரிக்காமலே சத்தத்த மட்டும் கேக்கப் பழகினா. பெறவு ஒருநாள் வண்டி போச்சு. அது போனதே அவளுக்குத் தெரியல்ல. அண்ணைக்குத்தான் அவ பயந்தா.”

ஒரு கட்டைச் சத்தம் நின்றது. நேசபாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது.

“பாத்தியளா மதாம்மா, நிண்ணு போச்சு!” என்றார் ரசலையன்.

எல்லாக் கட்டைகளும் நின்றன. ஜெபகுமாரி தலையணையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். அவள் புருஷன் சத்தியராஜ் கொழும்புக்குத் தோட்ட வேலைக்குப் போய் ஐந்து வருடமாகிறது. கடுதாசி நின்று மூன்று வருடம். புரையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவள் முன்னால் பேசுவதில்லை.

“நேத்து நான் சொன்னது பொய், மதாம்மா” என்றாள். “பழசுண்ணா எனக்கென்ன, ஒரு காதால கேட்டு மறு காதால விட்டிருப்பேன். இது எனக்க வீட்டுல நடக்குதது. போன மாசம் தபால்காரன் எனக்க வாசலத் தாண்டிப் போயிருக்கான். நான் பாக்கவேயில்ல. அந்தப் பயம் எனக்கு மட்டுந்தாண்ணு நினச்சேன். இருபது பேரு முன்னால வச்சு இந்த அக்கா அத வாசிக்காவ. எப்படித் தாங்குவேன்?”

பூங்கனி மூக்கை உறிஞ்சினாள். நேசபாய்க்குத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

மதாம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு சொன்னார்: “வேலை நேரத்தில் இந்தப் பாட்டு வேண்டாம். ஐந்து மணி அடித்த பிறகு அரைமணி நேரம் வாசி. விரும்புகிறவர்கள் இருக்கட்டும். பகலில் நீ வழக்கம்போலக் கதை வாசி.”

நேசபாயின் வேலை தப்பியது. ஆனால் ஜெபகுமாரி அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் மாலையில் ஏழு பேர் இருந்தார்கள். ஜெபகுமாரி மணி அடித்ததுமே போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாரல் விட்ட ஒரு மாலை, சாலைத் திருப்பத்தில் ஜெபகுமாரி நின்றுகொண்டிருந்தாள். நேசபாய் நடையை நிறுத்தினாள்.

“பாட்டு முடிஞ்சுதா?”

“நேத்து முடிஞ்சுது.”

“அவ அவனக் கண்டுபிடிச்சாளா?”

பொய் சொல்லலாமா என்று நேசபாய் ஒரு நிமிடம் யோசித்தாள். புதுக்கதையாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

“இல்ல மக்கா. உப்பளத்துப் பக்கம் ஒரு ஊர்ல தங்கிட்டா. அங்கேயே வேல செஞ்சா. பாட்டு அதோட நிண்ணு போவுது.”

“அழுதாளா?”

“அதப் பற்றி ஒண்ணும் சொல்லல்ல.”

ஜெபகுமாரி ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். “எத்தன வருசத்துக்கு முந்தி எழுதினது?”

“ஆயிரம் இருக்கும்ணு அப்பா சொல்லுவாரு.”

“ஆயிரம் வருசமா இவனுக இப்படியேதான் இருக்கானுவளா!” அவள் குரலில் கோபம் வெடித்தது. “ஆயிரம் வருசமா நம்மளும் வாசல்ல நிக்கோம். வெக்கமா இல்ல?”

ஜெபகுமாரி நேசபாயின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு கடுதாசி எழுதணும், அக்கா. கொழும்புக்கு.”

அங்கேயே, மூடியிருந்த ஒரு கடையின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதினார்கள்.

“அன்புள்ளண்ணு தொடங்கட்டா?”

“வேண்டாம். பேர மட்டும் எழுதுங்கோ. நான் இனி வாசலப் பாத்துட்டு இருக்கேன்ணு அவரு நினைக்காண்டாம். வந்தா கதவத் தட்டிட்டு வரட்டும். வரல்லேண்ணா எனக்குக் கையில தொழிலிருக்கு. அவ்வளவு போதும்.”

பதில் வரவில்லை. முகத்திரை தப்பில்லாமல் முடிந்து கப்பலேறியது. ஆவணி மாதம் நேசபாய் பாட்டை முதலிலிருந்து மறுபடி தொடங்கியபோது ஜெபகுமாரியும் இருந்தாள். சும்மா கேட்கவில்லை, அடிக்கு அடி சண்டை போட்டாள். “இந்த இடத்துல அவ என்னத்துக்குத் திரும்பிப் பாத்தா? எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல்ல” என்பாள். பூங்கனி பாட்டெழுதியவன் பக்கம் பேசுவாள். அரைமணி நேரம் ஒருமணியாகி, விளக்கு வைக்கிற நேரத்தில் ரசலையன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.